இருபது ஆண்டு வாக்குவாதம், இருபத்துமூன்று நாள் பயணம்: ஹாட்டரஸ் முனைக் கலங்கரை விளக்கம்

அமெரிக்காவின் கிழக்குக் கரையை வரைபடத்தில் பார்த்தால், வட கரோலினா மாநிலத்துக்கு எதிரே ஒரு மெல்லிய மணல்கோடு நிலத்தை விட்டு விலகி ஓடுவது தெரியும். அவுட்டர் பேங்க்ஸ் என்று பெயர். வடக்கிலிருந்து இறங்கி வரும் அந்தக் கோடு ஓரிடத்தில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. மடக்கிய கையின் முழங்கை மாதிரி கடலுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் அந்த இடம்தான் ஹாட்டரஸ் முனை.

முனை என்றதும் பாறையும் அதில் மோதிச் சிதறும் அலையும் கண்முன் வரலாம். இங்கே பாறை என்ற பேச்சே கிடையாது. எல்லாம் மணல். மேற்கே பாம்லிக்கோ என்ற அகன்ற காயல், கிழக்கே அட்லாண்டிக், இரண்டுக்கும் நடுவே ஒடுக்கமான ஒரு தீவு. 1963-ல் ஓரிகன் முகத்துவாரத்தின் மேல் பாலம் வரும்வரை படகேறாமல் யாரும் அங்கே போக முடியாது.

இந்த மணலின் மேல் 1870-ல், இருநூறு அடிக்குச் சற்றே குறைவான உயரத்தில் ஒரு செங்கல் கோபுரம் எழுப்பினார்கள். 1999-ல் அதை அப்படியே பெயர்த்து, 2,900 அடி தள்ளிக்கொண்டுபோய் வேறிடத்தில் வைத்தார்கள். அந்தப் பொறியியல் சாகசத்தைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது அதற்கு முந்தைய கதை. நகர்த்தி முடிக்க 23 நாள் போதுமாக இருந்தது. நகர்த்துவோம் என்று ஒரு முடிவுக்கு வர மட்டும் கிட்டத்தட்ட இருபது ஆண்டு ஏன் ஆனது?

கப்பல்கள் சிக்கிய சந்து

முதலில் அங்கே விளக்கு எதற்கு என்று பார்த்துவிடலாம். தெற்கிலிருந்து வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டம் இந்த முனையை ஒட்டி வடகிழக்கே பாய்கிறது. வடக்கிலிருந்து குளிர்ந்த நீர் கரையோரமாக இறங்குகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மூடுபனியும் குழப்பமான அலைகளும் சகஜம். போதாததற்கு, முனையிலிருந்து டயமண்ட் ஷோல்ஸ் என்ற மணல்திட்டுகள் தண்ணீருக்கடியில் பல மைல் தூரம் நீண்டு கிடக்கின்றன. இவை ஒரே இடத்தில் நிற்பவையும் அல்ல. புயலுக்குப் புயல் உருமாறும்.

பாய்மரக் காலத்தில் தெற்கே போகும் கப்பல், எதிர்த்து வரும் வளைகுடா நீரோட்டத்துக்கு உள்ளே போக விரும்பாது. போனால் காற்று எவ்வளவு அடித்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். அதனால் கரையை ஒட்டி வரும். கரையை ஒட்டினால் மணல்திட்டு. ஆக, நீரோட்டத்துக்கும் திட்டுக்கும் இடையில் ஒரு சந்து; இருட்டில் அந்தச் சந்தைப் பிடிக்கவேண்டும். பிடிக்க முடியாதவர்களின் கப்பல்களால்தான் இந்தக் கடலுக்கு ‘அட்லாண்டிக்கின் இடுகாடு’ என்று பெயர் வந்தது. உள்நாட்டுப் போரில் புகழ்பெற்ற இரும்புக் கவசக் கப்பல் மானிட்டர் 1862-ன் கடைசி நாளில் மூழ்கியது இந்த முனைக்கு அப்பால்தான். அதில் 16 பேர் இறந்தார்கள்.

இங்கே ஒரு விளக்கு வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1794-லேயே தீர்மானித்தது. விளக்கு எரிந்தது 1803-ல். தொண்ணூறு அடி உயர மணற்கல் கோபுரம், திமிங்கில எண்ணெய் விளக்குகள். கட்டி முடித்தார்களே தவிர, கப்பல்காரர்களிடம் நல்ல பெயர் வாங்கவில்லை. உயரம் போதாது, வெளிச்சம் போதாது. எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டு பக்கத்தில் போனால் திட்டில் ஏறிவிடுவோம் என்றார்கள். 1851-ல் நடந்த விசாரணையில் கடற்படை அதிகாரி டேவிட் போர்ட்டர், நம் கரையின் மிக முக்கியமான விளக்கு இதுதான், உலகத்திலேயே மோசமான விளக்கும் இதுதான் என்ற பொருள்பட எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் கோபுரத்தை 150 அடிக்கு உயர்த்தி, 1854-ல் முதல் தர ஃபிரெனல் லென்ஸ் (விளக்கொளியைத் திரட்டித் தொலைவுக்கு அனுப்பும் கண்ணாடிப் பட்டகங்களின் தொகுப்பு) வைத்தார்கள். உள்நாட்டுப் போரில் தென் மாநிலத்தார் அந்த லென்ஸைக் கழற்றிக்கொண்டு போனது தனிக்கதை. போர் முடிந்தபோது பழைய கோபுரத்தில் விரிசல்கள் ஓடியிருந்தன. அதை ஒட்டுப்போடுவதைவிடப் புதிதாகக் கட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. 1867-ல் 75,000 டாலர் ஒதுக்கினார்கள்.

தண்ணீருக்குள் போட்ட மரம்

புதுக் கோபுரத்தின் வேலையை மேற்பார்த்தவர் டெக்ஸ்டர் ஸ்டெட்சன். இந்த நிகழ்வில் யாராவது ஒருவருக்கு மாலை போடவேண்டும் என்றால் நான் இவருக்குத்தான் போடுவேன். மணலில் உயரமாகக் கட்ட வேண்டுமானால் நீண்ட மரத்தூண்களை ஆழமாக அடித்து இறக்கி, அவற்றின் மேல் பாரத்தை ஏற்றுவதுதான் வழக்கம். இங்கே அடித்துப் பார்த்தார்கள். சில அடி ஆழத்துக்குமேல் தூண் இறங்க மறுத்தது. மணல் அவ்வளவு இறுக்கம். குழி தோண்டினாலோ தண்ணீர் ஊறி நிறைகிறது.

ஸ்டெட்சன் அந்தத் தொல்லையையே சாதகமாக்கிக்கொண்டார். குழியைச் சுற்றித் தடுப்புக் கட்டித் தண்ணீரை இறைத்தார். தூண் இறங்காத அந்த இறுகிய மணலின் மேல், மஞ்சள் பைன் மர உத்திரங்களை இரண்டு அடுக்காக, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் பரப்பினார். அதன்மேல் கருங்கல்லும் காரையும். அதன்மேல் எண்கோண அடித்தளம். கடைசியாக, பன்னிரண்டரை லட்சம் செங்கல். இறைப்பதை நிறுத்தியதும் நிலத்தடி நீர் பழைய மட்டத்துக்கு ஏறி மரத்தை மூடிக்கொண்டது. காற்றுப் படாமல் நன்னீரில் மூழ்கிக் கிடக்கும் மரம் உளுக்காது. 1998-99-ல் அடித்தளத்தைத் தோண்டியபோது, நூற்று முப்பது ஆண்டு கழித்தும் அந்த உத்திரங்கள் கெட்டியாகவே இருந்தன.

இந்த வித்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோபுரம் மணலையும், மணலுக்குள் நிற்கும் நன்னீரையும் நம்பி நிற்கிறது. கீழே வேர் எதுவும் இல்லை. மணல் அசையாமல் இருக்கும்வரை எந்தப் புயலும் ஒன்றும் செய்யாது. மணல் போய்விட்டால் எவ்வளவு கெட்டியான செங்கல்லாலும் பயனில்லை. பின்னாளில் நடந்த எல்லா வாதங்களும் சுற்றிச் சுற்றி வந்து நின்றது இந்த ஒரே புள்ளியில்தான்.

1870 டிசம்பர் 16 அன்று விளக்கு எரிந்தது. அடுத்த ஆண்டு பழைய கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1873-ல் புதுக் கோபுரத்துக்குக் கறுப்பு வெள்ளைச் சுருள் பட்டை அடித்தார்கள். இதைப் பற்றி ஒரு கட்டுக்கதை உண்டு. தெற்கே லுக்அவுட் முனைக் கோபுரத்துக்குச் சாய்சதுரக் கட்டங்கள் இருக்கின்றன. டயமண்ட் ஷோல்ஸுக்கு அருகில் இருக்கும் ஹாட்டரஸுக்குத்தானே அந்த ‘டயமண்ட்’ பொருந்தும், வண்ணமடித்தவர்கள் தாளை மாற்றிப் பிடித்துவிட்டார்கள் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். பகலில் கப்பலிலிருந்து பார்ப்பவருக்கு எந்தக் கோபுரம் எது என்று குழம்பக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கோலம் கொடுத்தார்கள். போடி தீவுக் கோபுரத்துக்குக் கிடைமட்டப் பட்டை. கரிட்டக் கோபுரத்துக்கு வண்ணமே இல்லை, வெறும் செங்கல் சிவப்பு.

கடல் வந்த வேகம்

கட்டியபோது கோபுரத்துக்கும் கடலுக்கும் இடையே 1,500 அடி மணல் இருந்தது. 1919-ல் அது சுமார் 300 அடி. ஐம்பது ஆண்டில் 1,200 அடி போயிருக்கிறது. ஆண்டுக்கு 24 அடி. 1935-ல் மிச்சம் 100 அடி.

கடல் அரிப்பு என்று பொதுவாகச் சொல்கிறோம். இந்த வகைத் தீவில் நடப்பதை அந்தச் சொல் முழுதாகச் சொல்வதில்லை. புயல் வரும்போது அலை கிழக்குப் பக்க மணலை அள்ளித் தீவைத் தாண்டி மேற்கே காயல் பக்கம் கொட்டுகிறது. முன்பக்கம் கரைகிறது, பின்பக்கம் வளர்கிறது. தீவு மொத்தமாகப் புரண்டு புரண்டு மேற்கே நகர்கிறது. கடல்மட்டம் ஏற ஏற நகர்வும் நிற்காமல் நடக்கிறது. அதாவது தீவு அழியவில்லை, இடம் மாறுகிறது. கோபுரம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கூடவே, கரையோரமாக வடக்கிலிருந்து தெற்கே ஓயாமல் மணல் ஓட்டம் வேறு.

அலை அடிவாரத்தை எட்டியபோது அரசாங்கம் கோபுரத்தைக் கைவிட்டது. இதை இன்றைக்குப் பலரும் மறந்துவிட்டார்கள். 1936-ல் கொஞ்சம் உள்ளே, பக்ஸ்டன் காட்டில், ஒரு இரும்புச் சட்டக் கோபுரத்தை நட்டு விளக்கை அங்கே மாற்றினார்கள். உனக்கா ஜென்னெட் என்பவர்தான் கடைசித் தலைமைக் காவலர். செங்கல் கோபுரம் காலியாக நின்றது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் லென்ஸின் பட்டகங்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து நினைவுப் பொருளாக எடுத்துப் போனார்கள்.

அதே காலத்தில், பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த இளைஞர்களுக்காக அமைத்த பணிப்படை, கரை நெடுகச் சுள்ளி வேலி கட்டி, புல் நட்டு, மணல்மேடுகளை வளர்த்தது. கடற்கரையும் சற்றே அகலமானது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் இந்தக் கடலில் வேட்டையாடியபோது கோபுரம் கடலோரக் காவல்படையின் காவல்மேடாக உதவியது. 1950 ஜனவரியில் விளக்கு மறுபடி செங்கல் கோபுரத்துக்கே திரும்பியது.

இந்தத் திரும்புதல்தான் பின்னால் வந்த சிக்கலுக்கு விதை என்பது என் கணக்கு. 1936-ல் கைவிட்டார்கள், கடல் பின்வாங்கியது, 1950-ல் திரும்பினார்கள். இதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரருக்கு, கடல் வரும், அப்புறம் போகும், நாம் கொஞ்சம் மணலைக் கூட்டினால் போதும் என்று தோன்றியதில் தப்பில்லை. பதினான்கு ஆண்டுக்குள் கண்ணால் கண்ட பாடம் அது. நூறு ஆண்டுக் கணக்கு மனிதர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தூண்டில் வளைவுகள்

1960-களில் கடல் திரும்ப நெருங்கியது. வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டினார்கள்; போனது. நைலான் மணல்மூட்டைகள் அடுக்கினார்கள், கிழிந்தன. கோபுரத்துக்கு வடக்கே கடற்படையின் நிலையம் ஒன்று இருந்தது. அதைக் காக்க 1969-70 வாக்கில் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் மூன்று தூண்டில் வளைவுகளைக் கட்டினார்கள்.

தூண்டில் வளைவு மணலை உண்டாக்காது. போகிற மணலை மறிக்கும். மேல்பக்கம் சேர்ந்தால் கீழ்ப்பக்கம் குறையும். அக்கம்பக்கத்து வாய்க்காலில் மடை கட்டுகிற மாதிரிதான். இங்கே மணல் ஓட்டம் தெற்கு நோக்கி. மூன்றில் தென்கோடியில் இருந்த வளைவுக்கு அருகிலேயே கோபுரம். வளைவு சிறிது காலம் கோபுரத்துக்கு நேர் எதிரே இருந்த மணலைப் பிடித்து வைத்தது உண்மை. ஆனால் அதற்குத் தெற்கே கடல் வளைந்து உள்ளே வந்து, பக்கவாட்டிலிருந்து கோபுரத்தை நெருங்க ஆரம்பித்தது. எதிரில் கதவைச் சாத்தினால் கொல்லைப்புறமாக வந்த கதை.

1980 மார்ச்சில் வந்த ஒரு புயலில், 1803-ம் ஆண்டுக் கோபுரத்தின் மிச்ச அடித்தளம் அடித்துச் செல்லப்பட்டது. புதிய கோபுரத்துக்கு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் அலை. இருபது ஆண்டு வாக்குவாதம் சூடு பிடித்தது இங்கிருந்துதான்.

யார் என்ன சொன்னார்கள்

பொதுவாக இந்தக் கதையைச் சொல்பவர்கள், அறிவியல் ஒரு பக்கம், பிடிவாதம் ஒரு பக்கம் என்று பிரித்துவிடுவார்கள். எதிர்த்தவர்கள் சொன்னதைப் பொறுமையாகப் படித்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

அவர்களின் முதல் வாதம் பயம். நூறு ஆண்டு தாண்டிய செங்கல் கோபுரம். 1879-ல் இடி விழுந்து விரிசல் கண்டது. அதைத் தூக்கி அரை மைலுக்கு மேல் நகர்த்தும்போது நடுவழியில் உடைந்தால்? கடலால் போவது ஒரு நாள் போகட்டும், நம் கையால் போக வேண்டுமா? இரண்டாவது, இடத்தின் பெருமை. கலங்கரை விளக்கம் என்பது செங்கல் மட்டுமா, நின்ற இடமும் சேர்ந்ததுதானே? மூன்றாவதை வெளிப்படையாகக் குறைவாகத்தான் பேசினார்கள். உண்மையில் கனமானது அதுதான் என்று நினைக்கிறேன். அரசாங்கமே கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினால், கரையோரத்து வீடுகளும் ஒற்றைச் சாலையான 12-ம் எண் நெடுஞ்சாலையும் கதியற்றவை என்று ஒப்புக்கொண்டதாகாதா? உள்ளூர் மாவட்ட ஆட்சியான டேர் கவுண்டி நிர்வாகம் நகர்த்தலை எதிர்த்தது. நான்காவதாக ஒரு தூண்டில் வளைவு கட்டினால் போதும் என்ற கோரிக்கை கடைசிவரை உயிரோடு இருந்தது.

இதற்கிடையே ஹியூ மார்ட்டன் என்ற புகைப்படக் கலைஞர் முன்னின்று நடத்திய ஒரு குழு, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிக் கடலடியில் பிளாஸ்டிக் ‘கடற்பாசி’யை நட்டது. இழைகள் அலையாடி நீரோட்டத்தை மட்டுப்படுத்தும், மணல் படியும் என்பது எண்ணம். பலன் இருந்ததா இல்லையா என்பதில் கடைசிவரை ஒத்த கருத்து வரவில்லை.

ராணுவப் பொறியாளர் படை வேறொரு திட்டம் வைத்திருந்தது: கோபுரத்தைச் சுற்றி ஒரு கான்கிரீட் சுவர். கேட்டால் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவருக்கு இருபுறமும் கரை பின்வாங்கிக்கொண்டேதான் போகும். சில பத்தாண்டில் கோபுரம் கடலுக்கு நடுவே கோட்டைக்குள் நிற்கும் தீவாகிவிடும். அப்போது ஸ்டெட்சனின் மரத்தட்டு என்ன ஆகும்? அடியிலிருந்து மணல் உருவப்படும். நன்னீர் இருந்த இடத்தில் உப்புநீர் புகும். தவிர, வட கரோலினா 1985-லேயே கடற்கரையில் நிரந்தரத் தடுப்புச் சுவர்கள் கட்டத் தடை விதித்திருந்தது. டியூக் பல்கலைக்கழக நிலவியலாளர் ஆரின் பில்கி போன்றவர்கள், கரை நகரும், கட்டடம்தான் வழிவிட வேண்டும் என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தேசியப் பூங்காத் துறை விவகாரத்தைத் தேசிய அறிவியல் கழகத்திடம் கொண்டுபோனது. எல்லா வழிகளையும் எடைபோட்டு, 1988-ல் வந்த அறிக்கை நகர்த்தச் சொன்னது. 1989-ல் பூங்காத் துறை அதை ஏற்றது. சரி, முடிந்ததா? இல்லை. பணம் இல்லை, அரசியல் விருப்பமும் இல்லை. அடுத்த ஏழு ஆண்டு மணல்மூட்டைகளோடு ஓடியது. 1996-ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஒரு குழு பழைய அறிக்கையைத் திரும்பச் சோதித்து, அதையே உறுதிப்படுத்தி, இனியும் தாமதிக்க வேண்டாம் என்றது. அதன் பிறகே நாடாளுமன்றத்தில் பணம் அசைந்தது. மொத்தச் செலவு சுமார் 1.18 கோடி டாலர். கடைசி நேரத்தில் வழக்கும் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை.

என்னைக் கேட்டால், தாமதத்துக்குக் காரணம் அறியாமை இல்லை. 1988-லேயே விடை மேசையில் இருந்தது. ஒவ்வொரு தற்காலிக ஏற்பாடும் கொஞ்சம் வேலை செய்தது, அதுதான் தொல்லை. மூட்டை அடுக்கினால் அந்தக் குளிர்காலம் தாண்டும். தாண்டிய குளிர்காலமே ‘பார், நின்றுவிட்டதே’ என்ற அடுத்த வாதத்துக்குச் சாட்சி ஆகும். முழுதாகத் தோற்ற முறையைக் கைவிடுவது சுலபம். அரைகுறையாக ஜெயிக்கும் முறையைக் கைவிடுவதுதான் கடினம். இன்னொன்றும் மாறியிருந்தது. 1993-ல் பிளாக் தீவிலும் 1996-ல் காட் முனையிலும் செங்கல் கலங்கரை விளக்கங்களைச் சில நூறு அடி சேதமில்லாமல் நகர்த்திக் காட்டினார்கள். அதைச் செய்த இன்டர்நேஷனல் சிம்னி நிறுவனமே ஹாட்டரஸுக்கும் வந்தது. ‘முடியுமா’ என்ற கேள்வியின் பல் அப்போதே விழுந்துவிட்டது.

நகர்வு

முதலில் கோபுரத்தைப் பழைய அடித்தளத்திலிருந்து பிரிக்கவேண்டும். கருங்கல்லைப் பகுதி பகுதியாக அறுத்து எடுத்து, எடுத்த இடத்தில் உடனுக்குடன் முட்டுக் கொடுத்தார்கள். இரும்பு உத்திரங்களை உள்ளே செலுத்தினார்கள். பாரம் மெல்ல மெல்லக் கல்லிலிருந்து இரும்புக்குக் கைமாறியது. பிறகு நூறு ஹைட்ராலிக் ஜாக்கிகளால் ஆறு அடி உயர்த்தினார்கள். எடை, அமெரிக்க டன் கணக்கில் 4,800-க்கு மேல்.

நூறு ஜாக்கியும் தனித்தனியே வேலை செய்தால் ஏதாவது ஒன்றில் மட்டும் பாரம் கூடிக் கோபுரம் விரிசல் விடும். அதனால் அவற்றை மூன்று கூட்டங்களாக இணைத்தார்கள். ஒரே கூட்டத்திலுள்ள ஜாக்கிகள் எல்லாவற்றிலும் எண்ணெயின் அழுத்தம் ஒன்றே. அதாவது கோபுரத்துக்குக் கணக்குப்படி மூன்றே கால்கள். நாற்காலி மேடுபள்ளத் தரையில் ஆடும், முக்காலி ஆடாது. அந்தப் பழைய தச்சர் அறிவுதான்.

பாதையை இறுக்கிச் சமன்படுத்தி, அதன்மேல் இரும்புத் தட்டுகளும் தண்டவாளம் போன்ற உத்திரங்களும் போட்டார்கள். உருளைகளின்மேல் கோபுரம். 1999 ஜூன் 17 அன்று நகர ஆரம்பித்தது. பின்னாலிருந்த ஜாக்கிகள் உத்திரத்தைக் கவ்விப் பிடித்து ஐந்து அடி தள்ளும். பிடியை விட்டு முன்னே வந்து மறுபடி கவ்வும். மறுபடி ஐந்து அடி. உருளை சுலபமாக ஓட, உத்திரங்களில் சாதாரண ஐவரி சோப்பைத் தேய்த்தார்கள். முன்னால் போடும் இரும்பு, தாண்டி வந்த பாதையிலிருந்து எடுத்தது. சாய்வு, அதிர்வு, பாரம் எல்லாவற்றையும் கவனிக்க அறுபது உணர்கருவிகள். காற்றைப் பார்க்க உச்சியில் ஒரு வானிலைக் கருவி.

தேரோட்டம் பார்த்தவர்களுக்குப் புரியும்: ஓட்டத்தில் ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை, முட்டுக்கட்டை போடுபவரின் கவனத்தில்தான் எல்லாம். ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. நின்று பார்த்தால் கோபுரம் நகர்வது தெரியாது. மணி பார்த்துத் திரும்பி வந்தால் தெரியும். ஜூலை 9 அன்று நிலைக்கு வந்தது. அங்கே அறுபது அடிச் சதுரத்தில் நான்கு அடிக் கனத்துக்குக் கான்கிரீட் தளம் தயாராக இருந்தது. இந்த முறை மரம் இல்லை.

இடத்தின் பெருமை என்ற அந்த இரண்டாவது வாதத்துக்கு ஒரு பதிலும் இந்த வேலைக்குள்ளேயே இருந்தது. கோபுரத்துக்கு முன்பே காவலர்களின் இரண்டு வீடுகளையும் எண்ணெய்க் கிடங்கையும் தண்ணீர்த் தொட்டிகளையும் நகர்த்தி, பழைய இடத்தில் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் எவ்வளவு தள்ளி இருந்தனவோ அப்படியே வைத்தார்கள். புது இடத்திலிருந்து கடல் சுமார் 1,600 அடி. 1870-ல் ஸ்டெட்சன் விட்டுவைத்த இடைவெளியும் ஏறக்குறைய இதுதான்.

அதற்குப் பின்

கோபுரம் நிலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டென்னிஸ் புயல் முனைக்கு அப்பால் நாள்கணக்கில் நின்று சுழன்றது. பக்ஸ்டனுக்கு வடக்கே நெடுஞ்சாலையைக் கடல் அறுத்தது. செப்டம்பரில் ஃபிளாய்ட் வந்தது. கோபுரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நவம்பர் 13 அன்று விளக்கு மீண்டும் எரிந்தது. ஏழரை வினாடிக்கு ஒரு மின்னல். அடுத்த ஆண்டு மே மாதம் பொதுமக்கள் படியேறினார்கள். கப்பல்களுக்குச் செயற்கைக்கோள் வழிகாட்டும் காலத்தில் இத்தனை செலவு எதற்கு என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். வழிகாட்டுவதற்காக மட்டும் என்றால் 1936-ல் நட்ட மாதிரி ஒரு இரும்புச் சட்டமே போதும். அவர்கள் காசு கொடுத்தது அதற்கல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எதிர்த்தவர்களின் மூன்றாவது வாதம், கரையோர வீடுகளைப் பற்றிய அந்தப் பயம், வீண்போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கோபுரத்தை நகர்த்த நாடே காசு கொடுத்தது. வீடுகளுக்கு அப்படி யாரும் கொடுக்கவில்லை. 2020-லிருந்து, முனைக்கு வடக்கே ரொடாந்தே கிராமத்தில் கடலோர வீடுகள் ஒவ்வொன்றாகக் காலிடறி அலையில் விழுகின்றன. 2025-ல் பக்ஸ்டனிலும் விழுந்தன.

1999-ல் அறுத்தெடுத்த பழைய அடித்தளக் கருங்கற்களில் சிலவற்றை வீணாக்காமல், கோபுரம் முன்பு நின்ற இடத்திலேயே வட்டமாக வைத்தார்கள். அந்த முனையில் விளக்கேற்றிய 83 காவலர்களின் பெயர்களை அவற்றில் செதுக்கினார்கள். இடத்தை மறக்கவில்லை என்பதற்கு அடையாளமாக. ஒவ்வொரு புயலிலும் கடல் வந்து கற்களை மணலால் மூடியது, தோண்டி எடுத்தார்கள், மறுபடி மூடியது. 2015-ல் அந்தக் கற்களையும் தூக்கிக்கொண்டு போய்க் கோபுரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். அதற்கு யாரும் அறிக்கை கேட்கவில்லை.